சிரிப்புக்கும் உத்தரவா?

கடல் கடந்து கடை விரிக்கும் முதலாளி பணத்தை எடுத்துச் செல்லலாம்; சரக்கை எடுத்துச் செல்லலாம். தன் ஊர் அதிகாரத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்? ஜெர்மனியில் வால்மார்ட் பட்ட பாட்டைக் கேளுங்கள், தோழர்களே!

1962-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் முதல் கடை திறந்த கம்பெனி அது. 1997-இல் ஜெர்மனியில் 21 பெருங்கடைகளை வாங்கிற்று. அடுத்த ஆண்டே இன்னும் 74. பணத்துக்குப் பஞ்சமில்லை. பின் ஏன் தோற்றது?

பொறுப்பேற்க முதலில் வந்த அமெரிக்க அதிகாரிக்கு ஜெர்மன் மொழி தெரியாது. வருவோரை வாசலில் நின்று வரவேற்க வேண்டும், பார்த்ததும் சிரிக்க வேண்டும் என்று உத்தரவு பறந்தது. முன்பின் அறியாதவர் காரணமின்றிச் சிரித்தால் ஜெர்மானியருக்குச் சங்கடம். ஆல்டி போன்ற உள்நாட்டுக் கடைகளோ விலையிலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"பண்பாடு புரியவில்லை, அதனால் தோல்வி" என்று நிர்வாகப் பாடம் நடத்துவோர் இதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். நாம் முடிக்க மாட்டோம்!

2005-இல் தொழிலாளர் கையில் ஒரு நடத்தை விதிப் புத்தகம் திணிக்கப்பட்டது. உடன் வேலை செய்வோரிடையே காதலுக்குக் கட்டுப்பாடு! பக்கத்தில் நிற்பவன் விதி மீறினால் தொலைபேசியில் காட்டிக்கொடுக்க வேண்டும்!

ஆனால் ஜெர்மனியில் தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் ஆலைக்குழு உண்டு. தொழிலாளர் நடத்தை பற்றி விதி செய்வதானால், அக்குழுவின் இசைவைப் பெற வேண்டும் என்பது சட்டம். குழு வழக்காடியது. விதிகள் பல செல்லாது என்றது வுப்பர்டால் தொழில் நீதிமன்றம். மேல்முறையீட்டிலும், காதலுக்கு இட்ட தடை நிற்கவில்லை.

2006-இல் 85 கடைகளையும் மெட்ரோ கம்பெனிக்கு விற்றுவிட்டு வெளியேறியது வால்மார்ட். அதனால் நட்டம் சுமார் 100 கோடி டாலர்.

பண்பாடு என்பது சிரிப்பும் கைகுலுக்கலும் மட்டுமா? ஒரு நாட்டுத் தொழிலாளி போராடிப் பெற்ற உரிமையும் அந்நாட்டின் பண்பாடுதான். மொழியைக் கற்றுக்கொள்ள ஓர் ஆசிரியர் போதும். உழைப்பவனை மதிக்கக் கற்றுக்கொள்ள, எதிரே அமைப்பாகத் திரண்ட தொழிலாளர் வேண்டும்.

அந்நியக் கம்பெனியின் வாசலில் வேலைக்குப் போய் நிற்கும் தோழன் சம்பளம் எவ்வளவு என்று கேட்கட்டும்; சங்கம் உண்டா என்றும் சேர்த்தே கேட்கட்டும்!