வாக்கு உண்டு, முதலாளி எங்கே?

அமெரிக்க நகரம் ஒன்றின் குடியிருப்புத் தெருவில் ஒரே நாளில் மூன்று பார்சல் வண்டிகள் வந்து நிற்பது வாடிக்கையான காட்சி. ஒன்று பழுப்பு நிற யுபிஎஸ் வண்டி; அடுத்தது ஃபெட்எக்ஸ்; மூன்றாவது அமேசான். மூன்றிலிருந்தும் சீருடை அணிந்த ஓட்டுநர் இறங்குகிறார். பார்சலை வாசலில் வைத்து, கையிலுள்ள கருவியில் பதிந்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு விரைகிறார். மூவரும் செய்வது ஒரே வேலைதான். ஆனால், தொழிற்சங்கம் அமைத்து நிர்வாகத்துடன் பேச விரும்பினால், சட்டம் அவர்களை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. தங்களுக்கான சங்கத்தைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கும் உரிமை இவர்களில் யாருக்கு உண்டு என்பது, வாக்குப்பெட்டி வருவதற்கு வெகுமுன்னரே வேறொரு கேள்வியால் முடிவாகிவிடுகிறது: இவருடைய முதலாளி யார்?

அமெரிக்காவில் 1935இல் இயற்றப்பட்ட தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், தொழிற்சங்க அங்கீகாரத்தை ஒரு தேர்தலாக்கியது. ஒரு பணியிடத்தில் 30 சதவீதத் தொழிலாளர்கள் கையொப்பமிட்டுக் கோரினால், தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் இரகசிய வாக்கெடுப்பு நடத்தும். பதிவான வாக்குகளில் பெரும்பான்மை பெற்ற சங்கத்துடன் நிர்வாகம் நல்லெண்ணத்துடன் பேச்சுவார்த்தை நடத்தியே ஆக வேண்டும். நாடு முழுவதையும் திரட்ட வேண்டியதில்லை. ஒரே ஒரு கிடங்கின் ஓட்டுநர்கள் வாக்களித்தாலும் போதும்.

இந்த ஏற்பாடு முழுமையாக இயங்கும்போது என்ன கிடைக்கும் என்பதற்கு யுபிஎஸ் உதாரணம். அதன் ஓட்டுநர்கள் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தினர். குதிரை வண்டி ஓட்டியவர்களுக்காக 1903இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்தின் சின்னத்தில் இன்றும் இரண்டு குதிரைத் தலைகள் உள்ளன. 2023இல் ஏறத்தாழ 3.4 லட்சம் யுபிஎஸ் தொழிலாளர்களுக்காகச் சங்கம் பேசிய ஒப்பந்தத்தின்படி, முழுநேர ஓட்டுநரின் உச்ச ஊதியம் ஐந்தாண்டு முடிவில் மணிக்குச் சராசரியாக 49 டாலரை எட்டும். புதிதாக வாங்கும் வண்டிகளில் குளிர்சாதன வசதி வரும். வேலைநிறுத்தக் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது எட்டப்பட்ட அந்த உடன்பாட்டை, வாக்களித்த உறுப்பினர்களில் 86.3 சதவீதத்தினர் ஏற்றனர்.

ஃபெட்எக்ஸ் நிறுவனத்தின் கதை வேறு. அதன் விரைவு அஞ்சல் பிரிவு விமான நிறுவனமாகத் தொடங்கியது. எனவே, அந்தப் பிரிவின் சாலை ஓட்டுநர்களும் 1926ஆம் ஆண்டின் இரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகின்றனர். அச்சட்டப்படி ஓர் ஊரின் கிடங்கில் மட்டும் தேர்தல் நடத்த முடியாது. நாடு முழுவதிலும் உள்ள அந்த வகைப் பணியாளர்கள் அனைவரையும் சேர்த்தே நடத்த வேண்டும். கோரிக்கை வைப்பதற்கே பாதிப் பேரின் கையொப்பம் தேவை என்று 2012இல் விதி மேலும் இறுகியது. ஓட்டுநர் ஒருநாளும் விமானத்தில் ஏறுவதில்லை. ஆனாலும், அவரது வாக்குரிமை விமானச் சட்டத்துக்குள் இருக்கிறது.

ஃபெட்எக்ஸின் தரைவழிப் பிரிவு இன்னொரு பாதையைத் தேர்ந்தெடுத்தது. அதன் ஓட்டுநர்கள் 'சுயேச்சை ஒப்பந்ததாரர்கள்' எனப்பட்டனர். இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. லாஸ் ஏஞ்சலீஸில் தெருமுனைகளில் நாளிதழ் விற்றவர்கள் பத்திரிகை நிறுவனங்களின் தொழிலாளர்களே என்று 1944இல் ஹெர்ஸ்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்றே ஆண்டுகளில் நாடாளுமன்றம் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தின் மூலம் சுயேச்சை ஒப்பந்ததாரர்களைத் தொழிலாளர் என்ற வரையறையிலிருந்து வெளிப்படையாக நீக்கியது. செய்தித்தாள் விற்றவர்களை முன்னிட்டு மூடப்பட்ட அந்தக் கதவில்தான் அறுபது ஆண்டுகள் கழித்துப் பார்சல் ஓட்டுநர்கள் முட்டிக்கொண்டனர்.

2006இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வில்மிங்டனில் ஃபெட்எக்ஸ் வீட்டு விநியோக ஓட்டுநர்கள் டீம்ஸ்டர்ஸ் சங்கத்துக்கு வாக்களித்தனர். நிறுவனம் பேச்சுவார்த்தைக்கு வர மறுத்து நீதிமன்றம் சென்றது. இவர்கள் வண்டியைச் சொந்தமாக வாங்கியவர்கள். தங்கள் வழித்தடத்தை விற்கலாம். ஆள் வைத்து ஓட்டலாம். ஆகவே, தொழில்முனைவோர் என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. பின்னாளில் அட்டர்னி ஜெனரலான மெரிக் கார்லண்ட் அந்த அமர்வில் பகுதியளவு மாறுபட்டார். 2010இல் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டு ஓட்டுநர்கள் மீண்டும் வாக்களித்துச் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தனர். 2014இல் அவர்கள் தொழிலாளர்களே என்றது வாரியம். 2017இல் அதே நீதிமன்றம், இது ஏற்கெனவே முடிந்துபோன கேள்வி என்று கூறி, வாரியத்தின் முடிவை ரத்துசெய்தது. வாக்கெடுப்புக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையில் ஏழு ஆண்டுகள்!

எதிர்த்தரப்பு வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழித்தடங்களை வாங்கி, ஆள் அமர்த்தி, இலாபம் பார்த்தவர்கள் இருந்தனர். 'எனக்கு நானே முதலாளி' என்ற நிலையை மனமார விரும்பும் ஓட்டுநரும் உண்டு. அவரைச் சங்கத்துக்குள் தள்ளுவது நியாயமல்ல. ஆனால், ஒரு சிலருக்குக் கிடைத்த வாய்ப்பை எல்லோருடைய நிலையாகக் கொள்வதுதான் பிழை. சீருடை, வண்டியின் சின்னம், எந்தப் பார்சல் என்றைக்குச் சேர வேண்டும் என்ற கெடு என அனைத்தையும் நிறுவனமே வகுத்தது. இதே நிறுவனத்தின் கலிஃபோர்னிய ஓட்டுநர்களை, அம்மாநிலச் சட்டப்படி தொழிலாளர்கள் என்றே 2014இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டு 22.8 கோடி டாலர் கொடுத்து அந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ள ஃபெட்எக்ஸ் முன்வந்தது. கலிஃபோர்னியாவில் தொழிலாளி, கனெக்டிகட்டில் தொழில்முனைவோர்!

அடுத்த கட்டத்தில் 'ஒப்பந்ததாரர்' என்ற சொல் ஓட்டுநரைவிட்டு இடைநிலை நிறுவனத்துக்கு நகர்ந்தது. 2018இல் அமேசான் தொடங்கிய விநியோகப் பங்குதாரர் திட்டத்தில், சில பத்து வண்டிகளை வைத்திருக்கும் சிறு நிறுவனங்களே ஓட்டுநர்களைப் பணியமர்த்துகின்றன. ஓட்டுநர் இப்போது ஐயத்துக்கு இடமில்லாத தொழிலாளி. ஆனால், அமேசானின் தொழிலாளி அல்ல. கலிஃபோர்னியாவின் பாம்டேலில் 2023 ஏப்ரலில் இத்தகைய நிறுவனம் ஒன்றின் 84 பணியாளர்கள் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் சேர்ந்தனர். சிறு முதலாளி சங்கத்தைத் தாமாகவே அங்கீகரித்ததால் தேர்தலே தேவைப்படவில்லை. ஆனால், சில வாரங்களில் அமேசானுடனான அவரது ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. ஒப்பந்தத்தை நிறுத்தும் முடிவு சங்கத்துக்கு முன்பே எடுக்கப்பட்டது என்றது அமேசான். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே: பேசக்கூடிய முதலாளியிடம் வேலை இல்லை, வேலை வைத்திருக்கும் நிறுவனம் தன்னை முதலாளி என ஒப்பவில்லை. 2024 ஆகஸ்ட்டில் வாரியத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் வட்டார இயக்குநர், அமேசான் இந்த ஓட்டுநர்களின் 'இணை முதலாளி' என்று முதற்கட்டமாக முடிவுசெய்தார்.

'இணை முதலாளி' என்பதற்கான வரையறை ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறது என்பதுதான் இதிலுள்ள பெரும் சிக்கல். 2015இல் விரிந்தது, 2020இல் சுருங்கியது, 2023இல் மீண்டும் விரித்து எழுதப்பட்ட விதியை டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் 2024 மார்ச்சில் ரத்துசெய்தது. 2025 ஜனவரியில் வாரிய உறுப்பினர் க்வின் வில்காக்ஸை அதிபர் ட்ரம்ப் நீக்கியபோது, முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச மூன்று உறுப்பினர்கள் இல்லாமல் வாரியமே மாதக்கணக்கில் முடங்கியது. வட்டார அலுவலகங்களால் தேர்தல் நடத்த முடிந்தது. அதன் மீதான மேல்முறையீட்டைத் தீர்க்க ஆளில்லை. தாமதம் யாருக்கு இலாபம் என்பதை விளக்க வேண்டியதில்லை. பத்தாண்டு வழக்கை நிறுவனம் தாங்கும். மாதத் தவணை கட்டும் ஓட்டுநர் தாங்கமாட்டார்.

இதை வேற்று நாட்டுச் செய்தி என்று நாம் கடந்துவிட முடியாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நமது தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், ஒரு நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதத்தினரின் ஆதரவைப் பெற்ற சங்கமே பேச்சுவார்த்தைக்குரிய ஒரே சங்கம் என்கிறது. நம் தெருக்களில் உணவும் பார்சலும் கொண்டுவரும் செயலிவழித் தொழிலாளியின் பெயர் எந்த வருகைப் பதிவேட்டில் இருக்கிறது? உடன் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர் என்றே அவரை வரையறுக்கிறது. அவருக்கான நலநிதிக்கு நிறுவனங்கள் பங்களிக்க வேண்டும் என்று அது கூறுவது வரவேற்கத்தக்கது. ஆனால், நலநிதி என்பது கொடுப்பவர் பார்த்துத் தருவது. கூட்டுப் பேரம் என்பது எதிரே அமர்ந்து கேட்டுப் பெறுவது. முன்னதைத் தந்துவிட்டுப் பின்னதற்கான கதவை வரையறையிலேயே மூடிவிடக் கூடாது.

என் வாதம் எளியது. வண்டி யார் பெயரில் இருக்கிறது, சம்பளக் காசோலையில் யார் கையொப்பம் என்பவை இரண்டாம் நிலைக் கேள்விகள். வழித்தடத்தையும் வேகத்தையும் கட்டணத்தையும் தீர்மானிப்பவர் யாரோ, ஒரு சொல்லில் வேலையை நிறுத்த வல்லவர் யாரோ, அவரே பேச்சுவார்த்தை மேசையில் அமர வேண்டியவர். இந்தக் கேள்விக்கான விடை, தேர்தலுக்கு முன்பே, குறிப்பிட்ட கால வரம்புக்குள், ஆட்சி மாற்றத்தால் புரளாத சட்ட வாசகத்தின் அடிப்படையில் கிடைக்க வேண்டும். வில்மிங்டன், ஹார்ட்ஃபோர்டு ஓட்டுநர்கள் வாக்களிக்கத் தவறவில்லை, வென்றார்கள். அவர்கள் வென்ற பிறகுதான், அவர்களுக்கு வாக்கே கிடையாது என்று சொல்லப்பட்டது. நமது விதிகளை எழுதுகிறவர்கள் அந்த இரண்டு ஊர்களின் வழக்குக் கட்டுகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.