ஓசி என்று யார் சொன்னது?

"யூட்யூபும் ஃபேஸ்புக்கும் ஓசியிலதானே சார் கிடைக்குது? நடுவுல ரெண்டு விளம்பரம் வந்தா என்ன குறைஞ்சு போச்சு?" இப்படிக் கேட்பவர்கள் இளைஞர்கள் இல்லை. பென்ஷன் வாங்கும் நம் வட்டத்துக்காரர்கள்தான்.

ஓசியில் சோறு போடுகிறவருக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்று பார்க்க வேண்டாமா? ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் உடைமையாளரான மெட்டா நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு வருமானம் சுமார் 13,490 கோடி டாலர். அதில் 100-க்கு 97-க்கு மேல் விளம்பரக் காசு. கூகிளின் தாய் நிறுவனத்துக்கு 100-க்கு 77. வேடிக்கை என்னவென்றால், கூகிளை ஆரம்பித்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் தேடுபொறி விளம்பரக்காரர் பக்கமே சாயும் என்று தாங்களே எச்சரித்திருந்தார்கள். இரண்டே வருஷத்தில், 2000-இல், விளம்பரக் கடையைத் திறந்துவிட்டார்கள்.

கடை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். நீங்கள் "முழங்கால் வலி" என்று தட்டியதும், உங்களுக்கு எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று ஓர் ஏலம் நடக்கிறது. கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். ஏலப்பொருள் தைலமோ மாத்திரையோ அல்ல, உங்கள் கவனம். அதிக விலை கேட்டவருக்கே இடம் என்றுகூட இல்லை. எந்த விளம்பரத்தை நீங்கள் தொடக்கூடும் என்று இயந்திரம் கணக்குப் போட்டு, அதையும் கேட்ட விலையோடு சேர்த்துத்தான் முடிவு செய்கிறது. ஜனங்கள் அதிகம் தொடும் விளம்பரம் குறைந்த காசுக்கே இடம் பிடிக்கும். "மூட்டு தேய்மானத்துக்குப் பிசியோதெரபி செய்யுங்கள், எடையைக் குறையுங்கள்" என்கிற உண்மையை யார் தொடுவார்? "மூன்றே நாளில் நடக்கலாம்" என்கிற பொய்யைத்தான் விரல் தேடிப் போகும். ஆக, பொய்க்குச் சலுகை விலை.

மற்ற வலைத்தளங்களில் வரும் விளம்பரங்களுக்கு வேறு சந்தை. நம் ஊர் கமிஷன் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். விற்கிறவனுக்கும் அவரே தரகர், வாங்குகிறவனுக்கும் அவரே தரகர், தராசும் அவருடையது என்றால் ஒப்புக்கொள்வோமா? கூகிள் அங்கே இந்த மூன்று வேலையும் பார்க்கிறது. ஏலம் நடத்தியதற்கு மட்டும் 100-க்கு 20 தரகு. விற்பவர் பக்கத்துக் கருவியிலும் ஏலச் சந்தையிலும் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகம் செய்தது என்று 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிபதி லியோனி பிரிங்கெமா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அது பெரிய முதலாளிகளின் சண்டை, போகட்டும். என் கோபம் வேறு. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பேசுவதுபோல் போலி வீடியோ செய்து, பணத்தைப் போடு, பல மடங்காகும் என்று காட்டினார்கள். இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி தன் முகத்தை வைத்து நடக்கும் இதே மோசடியைப் பற்றி 2023 டிசம்பரில் தாமே எச்சரிக்க வேண்டி வந்தது. இவர்கள் குறி வைப்பது யாரை? கிராஜுவிட்டியும் பிஎஃப்பும் கையில் வைத்திருக்கும் நம்மை. எந்த வயதுக்காரருக்குக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதியையும் அந்தக் கடையே செய்து கொடுக்கிறது.

கடைக்காரருக்குத் தெரியாது என்கிறீர்களா? 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியைப் படியுங்கள். 2024 வருமானத்தில் சுமார் 10 சதவீதம் மோசடி மற்றும் தடை செய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலிருந்து வரும் என்று மெட்டாவின் உள் ஆவணங்களே மதிப்பிட்டிருந்தனவாம். மோசடிக்காரர்தான் என்று 95 சதவீதம் உறுதியானால்தான் தடை. அதற்குக் கீழே சந்தேகம் இருந்தால் கட்டணத்தைக் கூட்டி வாங்குவார்களாம். அந்த மதிப்பீடு தோராயமானது, மிகைப்பட்டது என்று மெட்டா மறுத்தது. பாதியாகவே இருக்கட்டும், அது சின்னத் தொகையா?

பத்திரிகைகள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. லேகிய விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். ஆனால் அந்த விளம்பரத்தை ஒரு மனிதர் வாங்கி வைத்தார், ஊரே ஒரே பக்கத்தைப் பார்த்தது, தப்பு இருந்தால் நாலு பேர் கேட்டார்கள். இங்கே என் போனில் வருவது பக்கத்து வீட்டுக்காரருக்கு வராது. கேட்க ஆளும் இல்லை.

சட்டம் கேட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவைக் காட்டுவார்கள்: நாங்கள் வெறும் இடைத்தரகர், மற்றவர் போட்டதற்குப் பொறுப்பில்லை. இந்தச் சாக்கு எப்போதும் செல்லாது என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. அகர்வால் பேக்கர்ஸ் என்று தேடினால் போட்டியாளர்களின் விளம்பரம் வருகிறது என்று அந்த நிறுவனம் தொடுத்த வழக்கு. தன் விளம்பரத் தொழிலில் கூகிள் சும்மா இருக்கும் இடைத்தரகர் அல்ல, முனைந்து பங்கெடுப்பவர் என்று 2023 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. வர்த்தகப் பெயருக்குக் கிடைத்த அந்த நியாயம், ஓய்வூதியக்காரரின் சேமிப்புக்கும் கிடைக்க வேண்டும். மோசடி என்று நிரூபணமான விளம்பரத்துக்கு வாங்கிய கட்டணத்தையாவது ஏமாந்தவருக்குத் திருப்பித் தரச் சட்டம் வேண்டும். இதை உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள், நானும் எழுதப்போகிறேன்.

அதுவரை, பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். அது அரசாங்கத்தின் எண், நம் வரிப்பணத்தில் நடக்கிறது. விளம்பரக் காசை வாங்கிப் போட்டுக்கொண்டவரின் எண் எது என்று யாருக்காவது தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.