ஆங்கிலத்தில் வாய்க்கு மதிப்பெண் எங்கே?

ஆங்கிலம் பேசுகிறவர்கள் வெட்கப்படும் காலம் விரைவில் வரும் என்று 2025 ஜூனில் உள்துறை அமைச்சர் அமித் ஷா பேசியதும் தமிழ்நாடு கொதித்தது. ஆகஸ்ட் 8-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, இங்கே இருமொழிதான் என்று மறுபடி உறுதி சொன்னது. நல்லது. ஆனால் அந்த இரண்டாவது மொழி நம் பள்ளிகளில் எந்த லட்சணத்தில் கற்றுத்தரப்படுகிறது என்பதையும் பேச வேண்டும். அமித் ஷாவுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். பத்து வருடம் ஆங்கிலம் படித்தும் நாலு வார்த்தை பேச வராமல் கூசி நிற்கிற பிள்ளையின் வெட்கம்தான் என் கவலை.

ஆவடி பக்கத்துச் சேக்காட்டில் மாலை நேர டியூஷன் நடக்கும் வீட்டுப் பக்கம் போனால் காதில் விழும்: 'புட் ஆஃப் – போஸ்ட்போன், புட் அவுட் – எக்ஸ்டிங்க்விஷ், புட் அப் வித் – டாலரேட்.' தெரியாத சொல்லுக்கு இன்னொரு தெரியாத சொல். பத்தாம் வகுப்பு வினாத்தாளின் முதல் பகுதியில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. அவற்றில் ஒன்றுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

இப்படி உருப்போட்டு இந்த மொழியைப் பிடிக்க முடியாது என்பதற்கு 645 என்ற ஓர் எண் போதும். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக 'ரன்' என்ற ஒரே வினைச்சொல்லுக்குப் பிரித்தெடுத்த பொருள்களின் எண்ணிக்கை அது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் ஒன்பது மாதம் அந்தச் சொல்லோடு மட்டுமே மல்லுக்கட்டினார். மூக்கு ஒழுகுவதும் ரன், கடை நடத்துவதும் ரன், சாயம் போவதும் ரன், அமெரிக்காவில் தேர்தலில் நிற்பதும் ரன். வாரத்துக்கு ஐந்து என்று நம் பிள்ளை மனப்பாடம் செய்தால், இந்த ஒரு சொல்லை முடிக்கவே இரண்டரை வருடம் ஆகும். பிறகு 'கெட்', 'டேக்', 'செட்' எல்லாம் வரிசையில் நிற்கின்றன. லண்டனில் பிறந்த குழந்தை எந்தப் பட்டியலையும் படிக்கவில்லை, கேட்டது, பேசியது.

நம் பிள்ளைக்கு மட்டும் இந்த வித்தை தெரியாதா என்ன? டீ போடுவதும் கையெழுத்துப் போடுவதும் மொக்கை போடுவதும் சீன் போடுவதும் ஆவடி பஸ் ஸ்டாண்டில் யாரும் விளக்காமலே புரிகிறது. வாத்தியாரிடம் போட்டுக்கொடுப்பது வேறு, பேச்சுவாக்கில் போட்டு வாங்குவது வேறு, சினிமா ரவுடி போட்டுத்தள்ளுவது வேறு என்று எட்டு வயதிலேயே தெரியும். இதற்கெல்லாம் எந்தக் கைடும் கிடையாது. 'போடு' வந்த வழியில் 'புட்'டும் வரும், வகுப்பில் பிள்ளையைப் பேச விட்டால்.

விடுவதில்லை. காரணம், தேர்வில் அதற்கு இடமில்லை. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண். நூறும் எழுத்துக்கு, வாய்க்குப் பூஜ்யம். ஒரு மொழியைப் பேசவே விடாமல் 95 போட்டு அனுப்புவது பிள்ளையையும் பெற்றவர்களையும் ஏமாற்றும் வேலை. வாய்மொழித் தேர்வு வைத்தால் மதிப்பெண்ணை அள்ளி வீசுவார்கள் என்கிறார்கள். அறிவியல் செய்முறைக்கு 25 மதிப்பெண் போடுவதும் ஆசிரியர்கள்தானே? அங்கே வராத சந்தேகம் இங்கே ஏன் வருகிறது? ஆசிரியர்களுக்கே சரளமாக வராது என்பது வெறும் சாக்கு. அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்.

பக்கத்துப் பட்டாபிராமில் 2024 நவம்பரில் ஐ.டி. நிறுவனங்களுக்கான 21 மாடி டைடல் பூங்காவைத் திறந்தார்கள். இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்காமல் போனால் அதற்கு இந்தத் தேர்வு முறையும் ஒரு காரணம். பேச்சுக்கும் 25 மதிப்பெண் ஒதுக்கினால், அந்த மாடிகளில் ஆவடி, சேக்காட்டுப் பிள்ளைகள் உட்காரும் வாய்ப்பு கூடும். 11-ம் வகுப்புப் பொதுத்தேர்வையே எடுத்துவிட முடிந்த அரசுக்கு இது பெரிய காரியமில்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன்பே அரசாணை வர வேண்டும்.