நிற்கத் தெரிந்த டிரெய்லரே நல்ல டிரெய்லர்

ஈஸ்டரை ஒட்டி நடக்கும் பாஸ்கு விழாவும் தேரோட்டமும் புதுக்கோட்டை மாவட்டம் ஆவூருக்குப் பெயர் தேடித் தந்தவை. தேர் இழுக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வடம் பிடிக்க ஊரே திரண்டு வரலாம். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடத் தெரிந்த நாலு பேர் இல்லாவிட்டால் தேர் நிலையை விட்டு நகராது. கனத்தை இழுப்பது பெரிதல்ல. வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் பெரிது.

டிராக்டருக்கு டிரெய்லர் வாங்கும்போது மட்டும் இந்த அறிவு மறந்துபோகிறது. 'எத்தனை டன் தாங்கும்?' என்று கேட்கிறார்கள். 'எப்படி நிற்கும்?' என்று கேட்பவர்கள் குறைவு. பிரேக் இல்லாத டிரெய்லர்கள் இன்றும் கிராமச் சாலைகளில் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

எடை தெரிய வேண்டும்

முன்பு டிரெய்லரில் ஏறியவை எருவும், நெல்லும், கடலையும்தான். இன்று பவர் டில்லர், ரோட்டவேட்டர், ஆழ்குழாய்க் கிணற்றுக் குழாய்கள், மோட்டார், கதிரடிக்கும் இயந்திரம் எல்லாம் ஏறுகின்றன. இரும்புச் சாமான் பார்வைக்குச் சிறிதாக இருக்கும், எடையில் ஏமாற்றிவிடும். 6 அடி ரோட்டவேட்டர் ஒன்று ஏறக்குறைய 450 கிலோ இருக்கும். கொள்முதல் நிலையத்துக்குப் போகும் 40 கிலோ நெல் மூட்டைகள் 75 சேர்ந்தால் 3 டன். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி மணல் நாலரை டன்னை எட்டும். ஈர மணல் அதற்கும் மேல். ஆகவே, பெட்டி நிரம்பவில்லை என்பதற்காகப் பாரம் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

40 குதிரைத் திறன் டிராக்டரின் எடை சுமார் 2 டன். அதன் பின்னால் வண்டியும் சரக்குமாக 5 டன் தொங்கினால், 2 டன் வண்டியின் பிரேக் 7 டன்னை நிறுத்தியாக வேண்டும். சமதரையில், மெதுவாகப் போகும்போது இது நடந்துவிடும். கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போதும், மழை பெய்து செம்மண் பாதை வழுக்கும்போதும் நடக்காது. டிராக்டர் நிற்க முயலும். டிரெய்லர் நிற்காமல் அதைப் பின்னாலிருந்து தள்ளும். இரண்டும் மடங்கிப் பள்ளத்தில் விழும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்கு நான்கு மடங்கு பிரேக் வேலை வேண்டும் என்பதையும் ஓட்டுபவர் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா?

நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். கழற்றி வைத்தாலும் சாயாது. நீண்ட தார்ச் சாலைக்கும், தினமும் சரக்கு ஏற்றுபவருக்கும் அது ஏற்றது. ஆனால் பின்னுக்கு எடுப்பது கடினம். வரப்போரப் பாதையிலும் குறுகலான களத்து வாசலிலும் திருப்பவும் சிரமம்.

இரண்டு சக்கர டிரெய்லர் பாரத்தில் ஒரு பங்கை டிராக்டரின் பின்பகுதியில் சாய்க்கிறது. அதனால் பின் சக்கரங்களுக்கு மண்ணில் பிடிப்பு கூடுகிறது. பின்னுக்கு எடுப்பதும் எளிது. இரண்டு மூன்று ஏக்கர் நிலமும் 35, 40 குதிரைத் திறன் டிராக்டரும் உள்ள விவசாயிக்கு 3 டன் இரண்டு சக்கர டிரெய்லரே போதும்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கும். டிராக்டரிலும் இதே கதைதான். முன்பாரம் அதிகமானால் மேட்டில் ஏறும்போது டிராக்டரின் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும், ஸ்டீயரிங் பேசாது. பின்பாரம் அதிகமானால் பின் சக்கரத்தின் பிடிப்புப் போய்விடும். கனமான இயந்திரத்தை அச்சுக்குச் சற்று முன்னால் வைத்து, நாலு மூலையிலும் சங்கிலியால் இறுக்கிக் கட்ட வேண்டும். கயிறு போதாது.

பிரேக் வீண் செலவல்ல

பிரேக் வைத்த டிரெய்லருக்கு விலை கூடும் என்பது உண்மைதான். கடன் வாங்கி டிராக்டர் எடுத்தவருக்கு அந்தத் தொகை பெரிதாகத் தோன்றும். ஆனால் ஒருமுறை கவிழ்ந்தால் டிராக்டர் போகும், ஓட்டியவர் உயிர் போகும், கடன் மட்டும் வீட்டில் நிற்கும். சிறு விவசாயி குடும்பத்தில் இது நிலத்தை விற்பதில்தான் முடியும். பணம் போதவில்லை என்றால் பெட்டியின் அளவைக் குறைக்கலாமே தவிர, பிரேக்கைக் குறைக்கக் கூடாது. டிரெய்லர் செய்யும் பட்டறைக்காரர்களும், அதற்குக் கடன் கொடுக்கும் வங்கிகளும், கூட்டுறவுச் சங்கங்களும் பிரேக் இல்லாத வண்டியை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தால் பாதி விபத்துக்கு அங்கேயே தடை விழுந்துவிடும்.

பழைய டிரெய்லர் வாங்குபவர்கள் வண்ணப்பூச்சைப் பார்த்து மயங்க வேண்டாம். அச்சு வளைந்திருக்கிறதா, சட்டத்தில் வெல்டிங் விட்டிருக்கிறதா, ஸ்பிரிங் பட்டை முறிந்திருக்கிறதா, கொக்கியின் துளை தேய்ந்து அகன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிரெய்லருக்கும் பதிவு வேண்டும், இன்ஷூரன்ஸும் வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஒரு நடைக் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு போக வருமானத்தை இழக்க நேரும்.

பெரிய இயந்திரத்துக்கு வாடகை வண்டி

பொக்லைன் இயந்திரம் ஏழு டன்னுக்கு மேல். பெல்ட் வகை அறுவடை இயந்திரம் 3 டன்னை ஒட்டி வரும், உயரமும் அதிகம். இவற்றை வீட்டு டிரெய்லரில் ஏற்ற நினைப்பது விபரீதம். தளம் தாழ்ந்த லாரியில் கொண்டுவருவதே முறை. இயந்திரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு யாருடையது என்பதை வாடகை பேசும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர், அறுவடை இயந்திரம், மண் தள்ளும் இயந்திரம் ஆகியவற்றை வாடகைக்குக் கொடுக்கிறது. ஆண்டில் நாலு நாள் வேலைக்காகக் கடனில் பெரிய டிரெய்லர் வாங்குவது சிறு விவசாயிக்குக் கட்டாது.

டிரெய்லர் சரக்குக்கு மட்டும்தான் என்பதையும் மறக்கக் கூடாது. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசம் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 26 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நடவுக்கு ஆள் ஏற்றும் வழக்கம் இங்கும் உண்டு. அது இன்றோடு நிற்க வேண்டும்.

சாலையில் ஏறுமுன் டிராக்டரின் இரண்டு பிரேக் மிதிகளையும் கொண்டியால் இணைக்க வேண்டும். இறக்கத்தில் கியரை நியூட்ரலில் விடக் கூடாது. இரவில் பின்விளக்கும், ஒளிரும் பட்டையும் இல்லாமல் போகக் கூடாது. கொக்கிக் கொண்டிக்குப் பூட்டு ஊசி போட்டாயிற்றா என்று குனிந்து பார்க்க அரை நிமிடம்தான் ஆகும். டிரெய்லரின் விலையைப் பட்டறைக்காரர் சொல்லிவிடுவார். அது நிற்குமா என்பதை வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும்.