எல்லாம் செத்துப் போச்சு மாமா!

ராத்திரி பத்தரைக்கு போன். எடுத்தால் அக்கா பையன். பெங்களூரில் செல் உயிரியல் ஆராய்ச்சி மாணவன்.

"மாமா... எல்லாம் செத்துப் போச்சு!"

எனக்குக் கை உதறியது. "யாருடா?"

"செல்லு, மாமா."

"அவ்வளவுதானே! சார்ஜ் போட்டுப் பாரேன்டா. ஆமா, எத்தனை செல்லு வச்சிருக்கே?"

"பல லட்சம்."

அப்புறம்தான் விளங்கியது. மனுஷத் தோலிலிருந்து எடுத்து மூணு மாசமாக வளர்த்த செல்கள். குற்றவாளி நான்தான் சார். 'தாய்மாமன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வராம என்னடா படிப்பு?' என்று மிரட்டி, நாலு நாள் நிறுத்தி வைத்தேன். 'அதுக்கெல்லாம் யார் மாமா சோறு போடறது?' என்று அப்பவே கேட்டான். 'என்னடா, நாய்க்குட்டியா?' என்று சிரித்தேன்.

நாய்க்குட்டி தேவலை. பக்கத்து வீட்டில் விட்டுட்டுப் போகலாம். இதுகளுக்கு 37 டிகிரி சூடு வேணும். காற்றில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு. ரெண்டு, மூணு நாளைக்கு ஒரு தரம் பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதுசு ஊற்றணும். பையன் ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தான். அவரும் ஊற்றினார். அவசரத்தில் கூடவே பூஞ்சையும் உள்ளே போய்விட்டது!

நான் பி.காம். இந்தப் படிப்புக்கெல்லாம் தலையணை சைஸ் புத்தகத்தை மனப்பாடம் பண்ணணும் என்று நினைத்தவன். பையன் மனப்பாடத்தில் சுமார் ரகம். ஆனால் கை நடுங்காது. அதுதான் அங்கே சம்பாத்தியமே. ஸ்பெயின் தேசத்து ரமோன் இ கஹால், ஓவியராக ஆசைப்பட்டவர். உடற்கூறியல் சொல்லிக்கொடுத்த அப்பா, மகன் கையில் எலும்பைக் கொடுத்து 'இதை வரை' என்றார். பின்னாளில் அதே கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த நரம்பு செல்களை வரைந்து, 1906-ல் நோபல் பரிசு வாங்கியது.

இன்னொன்று, கணக்கு. சாதாரண மனித செல்கள் கண்ணாடிக் குடுவையில் காலாகாலத்துக்கும் பெருகாது, சுமார் 50 தடவை இரட்டிப்பானதும் நின்றுவிடும் என்று 1961-ல் ஹேஃப்ளிக், மூர்ஹெட் என்ற இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். அதனால் எத்தனையாவது முறை பிரித்து வைத்தோம் என்பதைத் தேதி போட்டு எழுதியே ஆகணும். பையன் நோட்டைப் பார்த்தேன். அசல் பேரேடு! தப்பை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்து. எங்கள் ஆபீஸ் ஆடிட்டர் பார்த்தால் ஆனந்தக் கண்ணீர் விடுவார். கடைசிப் பக்கத்தில், பூஞ்சை விழுந்த தேதியையும் அதே நிதானமான எழுத்தில் எழுதியிருந்தான். காரணம் என்ற இடத்தில், 'நான் ஊரில் இல்லை.' கிரகப்பிரவேசம் என்றோ, மாமா என்றோ ஒரு வார்த்தை இல்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறான்.

'தீபாவளிக்கு வரச் சொல்லேன்டா, நீ சொன்னா கேட்பான்' என்று அக்கா நச்சரித்தாள். போன் போட்டேன்.

"சோறு போட ஆள் இருக்காடா?"

"இல்லை மாமா."

"அப்ப வராதே!"

அக்கா என்னோடு பேசி ஒரு வாரமாகிறது.