காயத்திற்கு எது அத்தாட்சி?

போர்க்களத்தில் காயமுற்ற ஒரு சிப்பாய், தமக்குக் காயம் பட்டது மெய்தான் என்று 73 ஆண்டுகளுக்குப் பிறகு தம் சொந்த சர்க்காரிடமே வழக்காட வேண்டியிருந்தது. இது கட்டுக்கதை அன்று. 1951ஆம் ஆண்டில் கொரியா யுத்தத்தில் குண்டுச் சிதறல் பாய்ந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவர், காயம்பட்டோருக்கு உரிய பதக்கத்தைக் கோரி முதுமையில் விண்ணப்பித்தார். இரும்புச் சிதறல் அப்பொழுதும் அவருடைய தொடையிலேயே தங்கியிருந்தது. ஆயினும் ஏட்டில் குறிப்பு இல்லை. ஆகையால் போதிய அத்தாட்சி இல்லை என்று ராணுவ போர்டார் மனுவைத் தள்ளினர். அவர் கோர்ட்டுக்குப் போனார். அதன் பிறகே ராணுவ இலாகா இறங்கி வந்து, 2024ஆம் ஆண்டில், அவருடைய 96ஆவது வயதில் பதக்கத்தை வழங்கியது.

அம்முதியவருக்கு நியாயம் கிடைத்ததைக் குறித்து நாம் மகிழ்கிறோம். ஆனால், கோர்ட்டு வாசலை மிதிக்க வசதியும், அவ்வளவு காலம் காத்திருக்க ஆயுளும் இல்லாதவர்களின் கதி என்ன? இதுவே நாம் கேட்கும் கேள்வி.

'பர்ப்பிள் ஹார்ட்', அதாவது 'ஊதா இருதயம்' என்று வழங்கும் இப்பதக்கத்தின் வரலாறு கவனிக்கத் தக்கது. 1782ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ந் தேதி, அமெரிக்க சுதந்தரப் படையின் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன், இருதய வடிவில் வெட்டிய ஊதாத் துணியைச் சாதாரணச் சிப்பாய்களின் மார்பில் அணிவிக்க ஏற்பாடு செய்தார். பெருமை என்பது பெரிய உத்தியோகஸ்தர்களின் தனிச் சொத்தல்ல என்பதே அதன் தாத்பரியம். பிறகு சுமார் 150 ஆண்டுக் காலம் அது மறக்கப்பட்டுக் கிடந்தது. 1932ஆம் ஆண்டு பிப்ரவரி 22ந் தேதி, வாஷிங்டனின் 200ஆவது பிறந்த நாளில், ராணுவத் தலைமை அதிகாரியாயிருந்த டக்ளஸ் மக்கார்தர் அதைப் புதுப்பித்தார். 1942ஆம் ஆண்டு முதல், எதிரியின் தாக்குதலில் காயமுற்றோருக்கும் மாண்டோருக்கும் மட்டுமே அது உரியதாயிற்று.

மற்றப் பதக்கங்களுக்கு மேலதிகாரியின் சிபார்சு வேண்டும். இதற்குச் சிபார்சு வேண்டியதில்லை. எதிரியால் காயம் பட்டிருக்க வேண்டும். அதற்கு வைத்திய சிகிச்சை தேவைப்பட்டிருக்க வேண்டும். அச்சிகிச்சை ராணுவ ஏட்டில் பதிவாகியிருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பதக்கம் சிப்பாயின் உரிமை. யாரும் இடும் பிச்சையன்று. முதல் இரண்டு நிபந்தனைகளும் சிப்பாயின் உடலைப் பற்றியவை. மூன்றாவதோ குமாஸ்தாவின் பேனாவைப் பற்றியது. குண்டுமழைக்கு நடுவே காயத்துக்குக் கட்டுப் போடுகிறவன் நமூனாவை நிரப்பிக் கொண்டிருப்பானா? அவன் எழுதாமற்போன ஒரு வரிக்காகக் காயம்பட்டவன் ஏன் தண்டனை அடைய வேண்டும்?

எழுதப்பட்ட ஏடுகளாவது பத்திரமாயிருந்தனவா? அதுவும் இல்லை. 1973ஆம் ஆண்டு ஜூலை 12ந் தேதி, ஸெயின்ட் லூயிஸ் நகரத்தில் அமெரிக்க சர்க்காரின் ராணுவப் பதிவேட்டு நிலையம் தீப்பற்றியது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் தஸ்தாவேஜுகள் அழிந்தன. 1912ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1960ஆம் ஆண்டு தொடக்கம் வரையில் விலகிய தரைப்படையினரின் ஏடுகளில் சுமார் 100க்கு 80 பங்கு சாம்பலாயிற்று. அவற்றுக்குப் பிரதிகள் இல்லை. இரண்டு உலக மகா யுத்தங்களிலும் கொரியா யுத்தத்திலும் போரிட்டவர்களே இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள். காகிதத்தைக் காக்கத் தவறியது சர்க்கார். அதைக் கொண்டுவா என்று அதட்டுவதும் சர்க்கார்! உடனிருந்து கண்டவர்களின் பிரமாண வாக்குமூலம் கேட்பதும் உண்டு. 90 வயதைக் கடந்தவர் எந்த மயானத்தில் போய்த் தம் தோழர்களை எழுப்பிச் சாட்சிக்கு அழைத்து வருவார்?

நிறபேதமும் இத்துடன் சேர்ந்தால் விளைவது என்னவென்பதற்கு ஹென்றி ஜான்ஸனின் சரித்திரமே போதும். அவர் ஆல்பனி ரயில் நிலையத்தில் மூட்டை சுமந்து பிழைத்த கறுப்பர். கறுப்பர்களைக் கொண்ட அவரது பட்டாளத்தை அமெரிக்கர்கள் தங்கள் அணியில் வைத்துக்கொள்ளாமல் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தார்கள். 1918ஆம் ஆண்டு மே மாதத்து இரவொன்றில், குறைந்தது 12 பேர் கொண்ட ஜெர்மன் படை தாக்கியபோது, துப்பாக்கி பயனற்றுப் போன பிறகும் கத்தியுடன் போராடித் தம் தோழரை மீட்டார். அவர் உடலில் 21 காயங்கள்! அந்நிய நாடான பிரான்ஸ் அவருக்கு உடனே பதக்கம் சூட்டியது. தாய்நாடு சூட்டவில்லை. 1929ஆம் ஆண்டில் அவர் இறந்தார். ஊதா இருதயம் அவர் பெயருக்குக் கிடைத்தது 1996ஆம் ஆண்டில். நாட்டின் தலைசிறந்த வீரப் பதக்கம் கிடைத்தது 2015ஆம் ஆண்டில். 2023ஆம் ஆண்டில் லூயிஸியானாவில் ஒரு ராணுவ முகாமுக்கு அவர் பெயரை இட்டார்கள். 2025ஆம் ஆண்டில் அதையும் அகற்றி, பழைய பெயரையே வேறொரு ராணுவ அதிகாரியின் நினைவாக என்று கூறித் திரும்ப வைத்தார்கள். பெற்றதற்கு நூற்றாண்டு காத்திருக்க வேண்டும். இழப்பதற்கு இரண்டாண்டு போதும் போலும்!

இவை பழங்கதைகள் என்று எவரும் சமாதானம் கூற வேண்டாம். 2020ஆம் ஆண்டு ஜனவரியில் ஈராக்கிலுள்ள அல் அஸாத் தளத்தின் மீது ஈரானின் ஏவுகணைகள் விழுந்தன. ஒருவருக்கும் தீங்கில்லை என்று முதலில் அறிவித்தார்கள். பின்னர் 100 பேருக்கு மேல் மூளை அதிர்ச்சிக்கு உள்ளானது தெரியவந்தது. அவர்களில் 29 பேருக்கு அவ்வாண்டில் பதக்கம் கிடைத்தது. மேலும் 39 பேருக்கு 2021ஆம் ஆண்டு டிசம்பரில்தான் அனுமதி வந்தது. இரத்தம் வழியாத காயமும் காயமே என்பதை அதிகாரிகள் ஏற்பதற்கு இவ்வளவு தாமதம்.

பொய் சொல்லிப் பதக்கம் பெற முயல்வோரும் உண்டே என்று ராணுவத்தார் கூறலாம். உண்மை. பெறாத பதக்கத்தைப் பெற்றதாகச் சொல்லி லாபமடையும் மோசடியைத் தண்டிக்க 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சட்டமே செய்திருக்கிறார்கள். அச்சட்டம் மோசக்காரன் மீது பாயட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் ஒரு பொய்யன் உள்ளே நுழைவான் என்ற பயத்தால் ஆயிரம் மெய்யர்களுக்குக் கதவைச் சாத்துவது நீதியாகாது. பதக்கங்களுக்குப் பஞ்சம் என்றும் சொல்வதற்கில்லை. 1945ஆம் ஆண்டில் ஜப்பான் மீது படையெடுப்பதை எதிர்பார்த்துச் செய்து குவித்தவற்றில் ஏறத்தாழ 5 லட்சம் மீந்தன. அந்தக் கையிருப்பே பல பத்தாண்டுகள் வரை வந்தது. பஞ்சம் மனத்தில்தான்.

அமெரிக்கரின் வழக்கு நமக்கு ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். எதிரியின் தாக்குதலில் காயமுற்றோருக்கு நமது நாட்டிலும் 'பராக்கிரமப் பதக்கம்' உண்டு. காகிதத்தைக் கேட்டுக் காயத்தை மறுக்கும் வியாதியும் உண்டு. அங்கக்குறைவு பென்ஷன் கோரிய சிப்பாய் ஒருவரின் வழக்கில், 2013ஆம் ஆண்டில் நமது சுப்ரீம் கோர்ட்டு தெளிவான தீர்ப்பளித்தது. சேவையில் சேரும்பொழுது குறை ஏதும் குறிக்கப்படாதவர் திடகாத்திரமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும்; நிரூபிக்கும் பாரம் சிப்பாயின் மீதல்ல; சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவரையே சாரும் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகும் இத்தகைய வழக்குகளில் நமது சர்க்கார் அப்பீல் செய்வதை விட்டபாடில்லை. நாட்டுக்காக அங்கம் இழந்தவரை நாட்டின் வக்கீலே எதிர்த்து நிற்பதைப் போன்ற வெட்கக்கேடு வேறில்லை.

நமது கோர்ட்டு பென்ஷனுக்கு வகுத்த நியாயமே பதக்கத்துக்கும் பொருந்தும். எந்த நாட்டுக்கும் பொருந்தும். ஏட்டை எழுதுவதும் காப்பதும் சர்க்காரின் கடமை. அதில் நேர்ந்த குறைக்குச் சிப்பாய் பொறுப்பாளியல்லன். ஏடு இல்லாத இடத்தில் தழும்பைப் பார்க்கட்டும். வைத்தியரின் இன்றைய பரீட்சையை ஏற்கட்டும். எதிர் அத்தாட்சி இருந்தால் அதைக் காட்டும் பாரத்தைச் சர்க்காரே சுமக்கட்டும். முதியோரின் மனுக்களை முதலில் எடுத்து, மாதக் கணக்கில் முடிவு கூறட்டும். இறந்தவரின் கல்லறையில் வைக்கும் பதக்கம் சர்க்காரின் மனச்சாட்சிக்கு ஆறுதல் தரலாம். காயம் பட்டவருக்கு அதனால் யாதொரு பயனுமில்லை. சண்டைக்கு அழைக்கும்போது எந்தச் சர்க்காரும் சிப்பாயிடம் அத்தாட்சி கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. அவன் சொல்லை நம்பி ஆயுதத்தைக் கொடுத்தவர்கள், அவன் உடலிலுள்ள தழும்பையும் நம்பக் கடமைப்பட்டவர்கள்.