சந்தா கட்டுபவர் கேள்வி கேட்கட்டும்

"இத்தனை வருசமா சந்தா கட்டுறேன். சங்கம் எனக்கு என்னத்தச் செஞ்சிச்சு?"

தோட்டங்களுக்குப் போகும் எமது பிரதிநிதிகளில் இந்தக் கேள்வியைக் காதால் கேட்காதவர் எவரும் இல்லை. லயத்து வாசலில் கேட்கிறார்கள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேட்கிறார்கள். கேட்பவரை மாற்றுச் சங்கத்துக்காரர் என்று சொல்லி ஒதுக்கிவிடும் பழக்கம் எம்மில் சிலருக்கு உண்டு. அது பிழை. கேட்க வேண்டியவர் கேட்க வேண்டிய கேள்வி அது. பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

முன்பு செக்ரோலிலேயே சந்தா பிடிக்கப்பட்டது. தொழிலாளி ஒருமுறை கையெழுத்து வைத்தால் போதும், மாதா மாதம் பணம் காரியாலயத்துக்கு வந்து சேர்ந்தது. 2021 மார்ச்சில் 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானி மூலம் வந்தது. கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போயிற்று. அதோடு பல தோட்டங்களில் சந்தா பிடிப்பதையும் நிறுத்தினார்கள். சங்கங்களைப் பலவீனப்படுத்தவே இது செய்யப்பட்டது என்பதில் எமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பணம் தானாக வந்த காலத்தில் நாம் உறுப்பினரைத் தேடிப் போவது குறைந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு லயமாக ஏறி இறங்கிச் சந்தா சேர்க்கும்போதுதான் அந்தக் கேள்வி நேருக்கு நேர் வருகிறது.

அண்மையில் ஓர் அம்மா எமது காரியாலயத்துக்கு வந்தார். 31 வருடம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். மாதங்கள் பல கடந்தும் சேவைக்காலப் பணம் கைக்கு வரவில்லை. சேமலாப நிதிக்கான விண்ணப்பமும் திரும்பி வந்திருந்தது, ஏனெனில் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர். "தொரை தருவாருன்னு காத்திருந்தேன்" என்றார்.

சட்டம் அவரைக் காத்திருக்கச் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு பூர்த்தியான வருடத்துக்கும் 14 நாட் சம்பளம் கிடைக்க வேண்டும். 31 வருடத்துக்கு 434 நாள். கடைசியாகப் பெற்ற நாட்சம்பளம் 1350 ரூபா என்றால், 5 இலட்சத்து 85 ஆயிரத்து 900 ரூபா. வேலை முடிந்து 30 நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழில் ஆணையாளரிடம் முறையிடலாம்.

அந்த அம்மா ஒரு மாதம்கூடத் தவறாமல் சந்தா கட்டியவர். அவர் ஓய்வு பெறப்போவது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பெயர்ப் பிரச்சினையை ஒரு வருடத்துக்கு முன்பே சரிசெய்திருக்கலாம். எவரும் அவரிடம் சொல்லவில்லை. அங்கே எமது கிளையும் இருந்தது. தோட்ட நிர்வாகத்தின் குற்றத்தோடு எமது குற்றத்தையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

"சங்கத்தில் இல்லாதவருக்கும் இதெல்லாம் கிடைக்கும்தானே?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். சம்பள நிர்ணய சபை தீர்மானிக்கும் சம்பளம், 84 நாள் பிரசவ விடுமுறை, சேமலாப நிதி, நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் வழங்குநர் செலுத்தும் 3 சதவீதம் எல்லாமே எல்லோருக்கும் உரியவை. ஆனால், சட்டத்தில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு. இடையில் கடிதம் எழுத வேண்டும், தொழில் திணைக்களத்துக்கு நடக்க வேண்டும், விசாரணையில் துரைக்கு முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். ஒருநாள் பேரை விட்டுவிட்டுத் தனியாக அலைய எத்தனை பேரால் முடியும்?

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால் தொழிலாளி தானே தொழில் நியாயசபைக்குப் போகலாம். அவர் உறுப்பினராக இருந்தால், அவருக்காகச் சங்கமே வழக்குத் தாக்கல் செய்யலாம். கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அந்த இடத்தைச் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறது. வேலை நிறுத்தப்பட்டு ஆறு மாதங்களுக்குள் அதைச் செய்ய வேண்டும். "துரையிடம் பேசிப் பார்ப்போம்" என்று தலைவர் நாளைக் கடத்தினால் அந்த உரிமை போய்விடும். ஆகவே பேச்சுவார்த்தை நடக்கட்டும், மனுவும் நேரத்துக்குப் போகட்டும்.

எண்ணிக்கைக்கும் பலன் உண்டு. 1999இல் அந்தச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, எந்தத் தொழிலாளர்களுக்காகப் பேச வருகிறதோ அவர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாதவர்களை உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு பேரம் பேச நிர்வாகம் மறுக்க முடியாது. ஒரே தோட்டத்தில் நான்கு சங்கம், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பேர் என்றால் துரைமாருக்குத்தான் வசதி.

இனி, உறுப்பினருக்குச் சங்கத்திடம் உள்ள உரிமைகள். தலைவர் மனம் வைத்தால் கிடைக்கும் சலுகை என்று பலர் இவற்றை நினைக்கிறார்கள். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட எந்தச் சங்கத்துக்கும் யாப்பு இருக்க வேண்டும். உறுப்பினர் கேட்டால் அதன் பிரதியைக் கொடுக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் பார்க்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவைப் பதிவாளருக்குச் சமர்ப்பிக்க வேண்டும். மரணச் செலவு உதவி போன்றவை யாப்பில் இருந்தால், அதைக் கேட்டுப் பெறுவதற்கு எவருடைய சிபாரிசும் தேவையில்லை.

ஆகவே எமது கிளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். சந்தா வாங்கினால் அங்கேயே பற்றுச்சீட்டு எழுதிக் கொடுங்கள். மாதம் ஒருமுறை கமிட்டிக் கூட்டம் வைத்துக் கணக்கை வாசியுங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரின் பெயரையும் செக்ரோலிலும் அடையாள அட்டையிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். தலைவரைத் தெரிவு செய்யும்போது வாக்கெடுப்பு நடத்துங்கள். மலையில் கூடை சுமப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கமிட்டியிலோ ஒரு தலைவியை மட்டும் உட்கார வைத்துவிட்டு, கூட்டத்தில் தேநீர் கொடுக்கும் வேலையை அவரிடம் விடுகிறோம். சந்தாவில் பாதிக்கு மேல் அவர்களுடைய பணம். தீர்மானத்திலும் அவர்களுக்குப் பாதி இடம் வேண்டும்.

உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரச்சினை வந்த அன்று சேர்ந்து, அது தீர்ந்த மறுநாள் விலகினால் எந்தச் சங்கமும் நிற்காது. 1940இல் முல்லோயா தோட்டத்துப் போராட்டத்தில் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்த காலத்தில் சங்கத்தில் சேருவதே குற்றமாகப் பார்க்கப்பட்டது. இன்று அது அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரையில் எழுதப்பட்ட உரிமை. சங்கத்தில் சேர்ந்ததற்காக எவரையும் வேலையிலிருந்து நிறுத்த முடியாது.

அந்த அம்மாவின் கடிதங்கள் இப்போது தொழில் திணைக்களத்தில் இருக்கின்றன. பணம் வரும்வரை நாம் விடப்போவதில்லை. ஆனால், அடுத்து ஓய்வு பெறுபவர் எமது காரியாலயத்தைத் தேடி வரும் நிலை இருக்கக் கூடாது. நாம்தான் அவரைத் தேடிப் போக வேண்டும். போகவில்லை என்றால், கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். உங்கள் சந்தா அதற்கும் சேர்த்துத்தான்.